உங்கள் மாப்பிள்ளையின் சிக்கன வகுப்பு

மதிப்புக்குரிய அண்ணாவுக்கு,

தங்கை எழுதிக்கொள்வது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சௌக்கியத்துக்கென்று உங்கள் மாப்பிள்ளை ஒரு தனி உறை போட்டு, மேலே அழகாக எழுதியும் வைத்திருக்கிறார். உள்ளேதான் காசு ஒன்றும் இல்லை.

குறைந்த வருமானக்காரர்களுக்கு இலவசமாகச் சேமிப்பு வகுப்பு நடக்கிறது, போய்வாருங்கள் மாப்பிள்ளை என்று சொன்னது நீங்கள். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஞாயிறு காலை கிளம்பும்போது குடோனில் மூட்டை தூக்குகிற மனுஷனாகத்தான் போனார், மத்தியானம் நிதி மந்திரியாகத் திரும்பி வந்தார். "பாக்கெட் பாக்கெட்டா வாங்கித்தான் நாம ஏமாறுறோம், மொத்தமா வாங்கினா பாதி விலை"என்று மறுநாளே ஒரு முழு மூட்டை சோப்புத்தூளைத் தோளில் சுமந்து வந்து இறக்கினார். எங்களுக்கு இருப்பதே ஒரு அறை. அதில் உங்கள் மருமகள் படுக்கிற மூலையில் மூட்டை உட்கார்ந்துகொண்டது. "நான் எங்கப்பா படுக்கிறது?"என்று குழந்தை கேட்டதற்கு, "அது மேலயே படும்மா, மெத்தை மாதிரி இருக்கும்"என்றார். பாவம், விடிய விடியத் தும்மினாள். அந்த வாரமே மழை வந்து, தகரக் கூரை சரியாக அந்த மூலையில் ஒழுகி, நாங்கள் வேலை முடிந்து வருவதற்குள் வாசல் வழியாக நுரை பொங்கித் தெருவில் ஓடியது. அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் அழுக்குத் துணியோடு ஓடி வந்து எங்கள் வாசலிலேயே துவைத்துக்கொண்டார்கள். இவர் நடுவில் நின்று, "பாத்தியா, ஊருக்கே உபயோகமாச்சு"என்கிறார்!

அதோடு விட்டாரா? ஒரு தகர டப்பாவில் காசு போடுகிற அளவுக்கு வாய் வெட்டி, மூடியை வெல்டிங் கடையில் பற்றவைத்துக் கொண்டு வந்தார். அவசர நிதியாம். கேஸ் தீர்ந்தது, கேட்டேன். "தீரும்னு முன்னாடியே தெரியும்ல? தெரிஞ்சது எப்படி அவசரமாகும்?"என்றார். பக்கத்து வீட்டு அடுப்பில் சோறு வடித்தேன். செருப்பு வார் அறுந்தது. "ஊக்கு குத்திக்கோ"என்றார். சலவைக்கடையில் நாள் முழுக்க நின்று இஸ்திரி போடுகிறவளுக்கு ஊக்கு குத்திய செருப்பு!

ஆண்டவன் பார்த்துக்கொண்டுதான் இருந்தான் அண்ணா. போன வாரம் இவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் பூசணிக்காய் மாதிரி ஆகிவிட்டது. "அவசரம்"என்று முனகினார். "போன மாசமே வலிக்குதுன்னீங்களே, தெரிஞ்ச செலவுதானே?"என்றேன். ஒரு கையால் கன்னத்தையும் மறு கையால் டப்பாவையும் பிடித்துக்கொண்டு வெல்டிங் கடைக்கு ஓடினார், பின்னாலேயே நானும் போனேன். கடைக்காரர் வெட்டிக் கொட்டியதும் எண்ணிப் பார்த்தவர், "நான் போட்டதை விட ஜாஸ்தி இருக்கே"என்று விழித்தார். "பஸ்ஸுக்கு நீங்க குடுத்ததை நான்தான் போட்டேன். நடந்தே போய்ட்டு வந்தேன்"என்றேன். "ஊக்கு குத்தின செருப்போடயா?"என்று கேட்டுவிட்டு, பல் பிடுங்கி வீடு வந்து சேரும்வரை குனிந்த தலையோடு என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். வலி என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் தானே உட்கார்ந்து என் செருப்புக்கு வார் தைத்தார். அப்படியே டப்பாவையும் மறுபடி பற்றவைத்துவிட்டு வந்துவிட்டார்!

இனி என்னால் முடியாது. நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, ஒரு மாதத்துக்காவது உங்கள் மாப்பிள்ளையை அழைத்துப் போய் வைத்துக்கொள்ள வேண்டும். அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். எல்லாரும் நோய்நொடி இல்லாமல், மொத்தமாக எதையும் வாங்காமல் நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

அன்புத் தங்கை

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்தது. வழக்கமாக மாதக் கடைசியில் முதலாளியம்மாவிடம் தலையைச் சொறிந்துகொண்டு போய் நிற்பேன் இல்லையா, இன்று அவர்களே கூப்பிட்டு, "என்ன, இந்த மாசம் அட்வான்ஸ் கேக்க வரவே இல்ல? உடம்பு கிடம்பு சரியில்லையா?"என்று விசாரித்தார்கள். "நல்லாத்தான் இருக்கேன்மா"என்றேன். சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று எனக்கே உறைத்தது. ஆகையால் நீங்கள் வர வேண்டாம். அவர் இங்கேயே இருக்கட்டும்.