சனிக்குக் கீழே ஒரு மேசை

"எங்க பொண்ணை உங்க வீட்டுக்குக் கொடுக்க எங்களுக்குப் பரிபூரண சம்மதம்," என்று சொல்லிக்கொண்டே இருக்கையில் உட்கார்ந்தார் லிஃப்ட் மெக்கானிக். கை கழுவும் அறைக் கண்ணாடி முன்னால் நின்று ஆற அமர ஒத்திகை பார்த்த வாக்கியம். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

எதிரே சூப் குடித்துக்கொண்டிருந்த வழுக்கைத் தலைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா எனக்கு ஏற்கெனவே ஆயிடுச்சு. இதோ, பக்கத்துலயே உட்கார்ந்திருக்கா."

மெக்கானிக் பதறி எழுந்தார். ஆள்தான் வேறு, இடம் அதே இடம். வளையத்தோடு சனி கிரகம் மிதக்கும் ஜன்னல், அதற்குக் கீழே மேசை. மனைவியையும் பையனைப் பெற்றவர்களையும் அங்கே விட்டு எழுந்து போகும்போதே அடையாளம் பார்த்து வைத்திருந்தார்.

அந்தக் கேளிக்கைப் பூங்காவிலேயே உசத்தியான இடம் இந்த விண்கல உணவகம். வட்டமான கூடம். நடுவில் பெரிய தூண்போலக் கை கழுவும் அறை. சுவரோரம் சுற்றிலும் ஜன்னல்கள். ஜன்னலுக்கு ஒரு மேசை. தியேட்டர் இருட்டு. உட்கார்ந்தால் ஆளே மறைந்துபோகும் முட்டை ஓடு மாதிரி நாற்காலிகள். வெளிச்சம் மற்றவர்கள் கண்ணில் படும் என்று போனையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.

பரிமாறுபவர்களைக் கேட்டிருக்கலாம். ஆனால் கிளம்பும்போதே மனைவி சத்தியம் வாங்கியிருந்தாள்.

"இது எப்படி ஓடுது, அது எப்படிச் சுத்துதுன்னு இன்னைக்கு அங்க வேலை பார்க்கறவங்க யாரையும் நீங்க கேட்கக் கூடாது. சம்மதத்தைச் சொல்லணும், சாப்பிடணும், வரணும்."

போன சம்பந்தம், பையன் வீட்டுக் காலிங் பெல்லை அவர் கழற்றிப் பார்த்ததோடு முறிந்தது. இந்தப் பையன் மகளே பிடித்துப்போய்ச் சொன்ன பையன். இரண்டும் வெளியே ராட்சத ராட்டினத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. இதுவும் கெட்டால் அவர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

கேட்கத்தானே கூடாது? யோசித்தார். காலடியில் லேசான அதிர்வு. புரிந்துவிட்டது.

"தரை சுத்துது," என்றார்.

"எனக்குத் தெரியலையே," என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

"தெரியாது. நல்ல லிஃப்ட்ல நின்னா ஏறுறது தெரியுதா? சுவர் அசையாது, நடுத்தூண் அசையாது. இடையில தரை மட்டும் பெரிய தட்டு மாதிரி. அடியில சக்கரம், ஓரத்துல ஒரு சின்ன மோட்டார். நான் போனப்போ சனிக்குக் கீழ என் மேசை இருந்துச்சு. இப்ப உங்களுது வந்திருக்கு. என்னுது முன்னால போயிடுச்சு."

"அட, ஆமா. நாங்க வந்து உட்கார்ந்தப்போ இங்க செவ்வாய்தான் இருந்துச்சு."

"சூப் ஆறுது," என்றாள் அவர் மனைவி.

மெக்கானிக் கணக்குப் போட்டு அடுத்த மேசைக்குப் போனார். இருட்டில் கை கோத்திருந்த ஒரு ஜோடி. "ஐயோ, எங்கப்பா," என்று யாரோ ஒருவர் பெற்ற அந்தப் பெண், ஆள் தெரியாமல் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். அதற்கடுத்த மேசையை எட்டுமுன் ஒருவர் மேல் மோதினார். மாப்பிள்ளையின் அப்பா, பல் டாக்டர்.

"சம்பந்தி, உங்களைத் தேடித்தான் சுத்திச் சுத்தி வர்றேன். இப்ப நம்ம மேசையையே காணோம். சனிக்குக் கீழதானே இருந்தோம்?"

கேட்கக் கூடாது என்றுதான் சத்தியம். சொல்லக் கூடாது என்று இல்லையே. மெக்கானிக் தட்டு, சக்கரம், மோட்டார் எல்லாவற்றையும் விளக்கினார். ஊரார் வாயைத் திறக்கச் சொல்லும் டாக்டர், தன் வாயைத் திறந்தபடி கேட்டார்.

"அப்ப மேசையை எப்படிப் பிடிக்கிறது?"

"துரத்தக் கூடாது. லிஃப்டை யாராவது துரத்துவாங்களா? சுத்தாத இடத்துல நின்னா அதுவே நம்மகிட்ட வரும்."

இருவரும் கை கழுவும் அறை வாசலில், தூணில் சாய்ந்து நின்றார்கள். கை கழுவி வெளியே வந்த வழுக்கைத் தலைக்காரர், "இந்நேரம் என் மேசையும் போயிருக்குமே," என்று பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். அவர் சொல்லக் கேட்டு இன்னும் சிலர். பஸ்ஸுக்கு நிற்பதுபோல் ஒரு வரிசையே சேர்ந்துவிட்டது.

எதிரே முட்டை நாற்காலிகளுக்குள்ளிருந்து இரண்டு பெண்களின் சிரிப்பு அடக்க முடியாமல் வெடித்தது.

"யாரோ நிம்மதியா சாப்பிடறாங்க," என்று பெருமூச்சு விட்டார் டாக்டர்.

இதுதான் நேரம் என்று மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "சம்பந்தி, எங்களுக்குப் பரிபூரண சம்மதம்."

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இப்படி விஷயம் தெரிஞ்ச இடத்துல பொண்ணெடுக்க நாங்க கொடுத்து வச்சிருக்கணும்."

மெக்கானிக்குக் கண் கலங்கியது. சத்தியமும் மீறவில்லை, சம்பந்தமும் முடிந்தது.

வெள்ளி உடுப்பில் ஐஸ்கிரீம் தட்டோடு வந்த பரிமாறும் பெண், வரிசையைப் பார்த்து நின்றாள். "எல்லாரும் எதுக்கு நிக்கறீங்க?"

"எங்க மேசை வரட்டும்னுதான்," என்றார் டாக்டர் பெருமையாக. "சம்பந்தி எல்லாம் சொல்லிட்டார். தரையைச் சுத்தவிடற மோட்டார் எந்தப் பக்கம் இருக்குன்னு மட்டும் சொல்லும்மா."

"தரை சுத்தாது சார், ஜன்னல்ல ஓடற படம்தான் நகருது. உங்க மேசை போட்ட இடத்துலயேதான் இருக்கு, இதோ உங்களுக்கு நேர் எதிர்ல. அம்மா ரெண்டு பேரும் அங்கிருந்து எல்லாத்தையும் கேட்டுட்டு, ரெண்டாவது ஐஸ்கிரீம் சொல்லியிருக்காங்க."