எண்ணொளி மாஸ்டரின் செல்லக் கணக்கு

கோழிச்சோற்றுக்கு வரிசையில் நின்றால் கடைசியில் கோழிச்சோறாவது கிடைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை சிங்கப்பூரில், ஈசூன் பக்கத்துச் சமூக மன்றத்தில் நின்ற கூட்டத்துக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று அவர்களுக்கே தெரியாது. ஆனாலும் நின்றார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மின்தூக்கியைத் தாண்டி, மிதிவண்டி நிறுத்துமிடம் வரை நின்றார்கள்.

சுவரொட்டியில் எண்ணொளி மாஸ்டர் நித்யகுமரன் சிரித்துக்கொண்டிருந்தார். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். அதற்குள்ளே பெருக்கல் குறியும் வகுத்தல் குறியும். கீழே கொட்டை எழுத்தில்: "படிக்காமலே விடை! உங்கள் பிள்ளையின் உள்ளங்கை கணக்கை அறியும்!" பிள்ளை படிக்க வேண்டும் என்பதற்காகவே கடல் தாண்டி வந்த கூட்டம், படிக்காமலே விடை வரும் என்றதும் எப்படி விழுந்தடித்து ஓடிவருகிறது பாருங்கள்!

மங்கை தானாக வரவில்லை. புருஷன் தனபால் இழுத்துக்கொண்டு வந்திருந்தான்.

"மூஞ்சியக் கொஞ்சம் நல்லா வச்சுக்க, மங்கை. பக்கத்துல நெகட்டிவ் எனர்ஜி இருந்தா பிள்ளைக்கு ஏறாதாம்."

"எனக்கு ஏறுதுங்க. பிரஷர்."

தனபால் படிக்காதவன் என்று நினைத்துவிடாதீர்கள். கப்பல் பட்டறையில் பொறியாளர். அங்கே ஒரு திருகாணி சற்றுத் தளர்ந்திருந்தால் ஏன், எப்படி, யார் என்று நாலு பேரை நிற்கவைத்துக் கேள்வி கேட்பான். வீட்டுக்கு வந்ததும் மூளையைக் கழற்றிக் காலணி அலமாரியில் வைத்துவிடுவான்.

அவர்கள் மகள் யாழிசை தொடக்கநிலை ஐந்து, அதாவது ஐந்தாம் வகுப்பு. கூட்டல், கழித்தல், பின்னம் எல்லாம் அவளுக்கு வரும். அதே கணக்கு கதையாக வந்து நின்றால்தான் உதறல். மங்கையும் கணக்கில் புலி கிடையாது. இருவருமாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கேள்வியை வரிவரியாகப் படித்து, கட்டம் கட்டமாகப் படம் போட்டு, சண்டை போட்டு, சமாதானமாகி, ஒருவழியாகப் பிடி கிடைத்திருந்தது. மெய் லிங் என்ற பெண் தன் ஸ்டிக்கர்களில் நாலில் ஒரு பங்கைத் தங்கைக்குக் கொடுக்கிறாள். மீதியில் மூன்றில் ஒரு பங்கைத் தோழிக்குக் கொடுக்கிறாள். கையில் முப்பத்தாறு மிச்சம். முதலில் எத்தனை? 'மீதியில்' என்ற அந்த ஒரு சொல்லில் யாழிசை பலமுறை தடுக்கி விழுந்தாள். பிறகு ஒருநாள் நீளமாக ஒரு கட்டம் வரைந்து, நாலாக வெட்டி, ஒன்றை அடித்துவிட்டு, மிச்சமிருந்த மூன்றில் இன்னொன்றையும் அடித்துவிட்டுக் கத்தினாள்.

"அம்மா! ரெண்டு துண்டுதான் மிச்சம்! ரெண்டு துண்டு முப்பத்தாறுன்னா ஒண்ணு பதினெட்டு! மொத்தம் எழுபத்திரெண்டு!"

அன்றைக்கு வீட்டில் பாயசம். அந்த நல்ல நேரத்தில்தான் தனபாலின் நண்பன் ஒருவன் எண்ணொளி மாஸ்டரைப் பற்றிக் கைப்பேசியில் படம் அனுப்பித் தொலைத்தான்.

போன மாதம் தனபால் மகளை மட்டும் அழைத்துக்கொண்டு போனான். மாஸ்டர் அவள் நெற்றியில் ஒரு செப்புக் கம்பியை வைத்துப் பார்த்தாராம். கண்ணை மூடினாராம். பெருமூச்சு விட்டாராம். "பிள்ளைக்கு மூளையில மூணாவது கதவு பூட்டியிருக்கு" என்றாராம். முதல் இரண்டு கதவுகள் எங்கே என்று தனபால் கேட்கவில்லை. பொறியாளர் அல்லவா, கதவு என்றதும் நம்பிவிட்டான். முதல் தீட்சை அன்றைக்கே நடந்தது. வீட்டில் அம்மா இனிமேல் எதுவும் சொல்லித்தரக் கூடாது, தந்தால் சக்தி கலைந்துவிடும் என்று உத்தரவும் வந்தது.

போன வாரம் பள்ளித் தேர்வு. அதே ஸ்டிக்கர் கணக்குப் போல ஒன்று, பெயரும் எண்ணும் மட்டும் மாறி வந்திருந்தது. யாழிசை கேள்வியைப் படிக்கவில்லை. தாளின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, தோன்றிய எண்ணை எழுதிவிட்டு வந்தாள். தாள் முழுக்க அப்படியே.

"இது உனக்குத் தெரிஞ்ச கணக்குதானேடி?"

"எனக்குத் தெரியாதும்மா. என் கதவு பூட்டியிருக்கு. கைக்குத்தான் தெரியணும்."

மங்கை தேர்வுத் தாளை மடித்து வைத்தாள். மதிப்பெண் போனால் போகட்டும். எழுபத்திரண்டு என்று கத்திய பிள்ளை, தனக்கு மூளையே இல்லை என்று அமைதியாகச் சொல்கிறதே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தனபாலோ, "பார்த்தியா, ஒரு தீட்சை பத்தல" என்றான். இரண்டாம் தீட்சைக்குக் கட்டணம் எண்ணூறு வெள்ளி. அதற்குத்தான் இன்றைக்கு வந்திருந்தார்கள்.

மண்டபத்துக்குள் நுழையும் முன் ஒரு மேசை. கேள்வியை எந்தப் புத்தகத்திலிருந்தும் எழுதிக் கொடுக்கலாம். விடையை மட்டும் பின்பக்கம் எழுதிவிட வேண்டும். "அப்புறம் சரிபார்க்கணும்ல, அதுக்குத்தான்" என்று மேசையிலிருந்த பெண் தேனாகச் சொன்னாள். எல்லாரும் பயபக்தியோடு எழுதிக் கொடுத்தார்கள். மங்கையும் பேனாவை எடுத்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு எதுவும் எழுதாமல் ஒரு வெள்ளைத் தாளை மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மகளோடு முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மேடையில் மாஸ்டரின் அண்ணன் மகள் ஸ்வாதிகா. பத்து வயது இருக்கும். கண்ணில் கறுப்புத் துணி. மாஸ்டர் தட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நெற்றியில் ஒற்றினார். முகர்ந்தார். உற்றுப் பார்த்தார். கேள்விப் பக்கத்தையா, விடைப் பக்கத்தையா என்று யாரும் கேட்கவில்லை. தாளை மடித்துப் பெண்ணின் கையில் வைத்தார்.

"பயப்படாத தங்கம்... உள்ள பாரு... சொல்லு செல்லம்."

"நாப்பத்தி மூணு!"

தாளைப் பிரித்துக் காட்டினார்கள். நாற்பத்து மூன்று! மண்டபம் அதிர்ந்தது. தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாத, பக்கத்து வீட்டம்மாவோடு வந்திருந்த சீன அம்மாள்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டினார். பாவம், அவருக்காவது புரியாமல் போக ஒரு காரணம் இருந்தது.

அடுத்த தாள். "நிதானமா செல்லம்... சொல்லு தங்கம்."

"முப்பத்தி நாலு!"

மங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். எங்கேயோ இடித்தது.

அடுத்த தாள். "வெளிச்சம் தெரியுதா ராஜா... ம், சொல்லு தங்கம்."

"இருபத்தி நாலு!"

அட, படுபாவி! மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழில் பிள்ளையைக் கொஞ்சுவதற்குச் சொல்லுக்கா பஞ்சம்? ஒன்பதுக்கும் பூஜ்யத்துக்கும்கூட மிச்சம் இருக்கும். இந்த ஆள் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கொஞ்சலை ஒதுக்கி, பெற்ற தாய்கூடக் கொஞ்சாத கொஞ்சலைக் கொஞ்சி, ஊர்ப் பணத்தை உருவிக்கொண்டிருக்கிறான்!

அவள் எழுந்து மேடைக்குப் போனாள். தனபால் புடவையைப் பிடித்து இழுத்தான். அவள் தட்டிவிட்டாள்.

"மாஸ்டர், ஒரே ஒரு கேள்வி. நான் என் கையாலயே பாப்பாகிட்ட குடுக்கட்டுமா?"

மாஸ்டர் புன்னகைத்தார். "முறைப்படி நான்தாம்மா கொடுக்கணும்."

"சக்தி பாப்பாவுக்குள்ள இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? யார் குடுத்தா என்ன?"

"அதானே! யார் குடுத்தா என்னலா?" என்று பின்வரிசையில் யாரோ ஒரு பக்தர், மாஸ்டருக்கு உதவி செய்வதாக நினைத்துக் கத்தினார். "குடுக்கட்டும், நம்பாதவங்க பார்க்கட்டும்!" பக்தர்கள் தொல்லை எப்போதும் இப்படித்தான். மாஸ்டரால் மறுக்க முடியவில்லை.

மங்கை மடித்த தாளை ஸ்வாதிகாவின் கையில் வைத்தாள். குரலில் வெல்லப்பாகு ஊற்றிக்கொண்டாள்.

"பயப்படாத ராஜா... ஆங், சொல்லு செல்லம்."

"இருபத்தி மூணு!"

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மாஸ்டர் மட்டும் கை தட்டவில்லை. மங்கை தாளைப் பிரித்து, முன்பக்கம் காட்டினாள். பின்பக்கம் காட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. கேள்வியும் இல்லை, விடையும் இல்லை.

"இல்லாத கேள்விக்கு இருபத்தி மூணாம். சரியான விடையான்னு யாராவது சரிபார்த்துச் சொல்லுங்களேன்?"

கைதட்டல் அங்கங்கே நின்றது. மாஸ்டருக்கு வேர்த்தது.

"அது... முந்தின தாளோட அதிர்வு கையில ஒட்டியிருக்கும்மா. அப்பப்ப அப்படி ஆகும்."

"ஓ, ஒட்டிக்குமா? சரி, கையத் துடைச்சுக்குவோம்." மங்கை முந்தானையால் சிறுமியின் கையைத் துடைத்தாள். தட்டிலிருந்து நிஜமான கேள்வித்தாள் ஒன்றை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். "விடை என்னம்மா?"

ஸ்வாதிகா வாய் திறக்கவில்லை. மண்டபம் காத்திருந்தது. சிறுமியின் கட்டிய கண்கள் மாஸ்டரின் குரல் வரும் திசையைத் தேடின. அவர் தொண்டையைச் செருமி, "மன அமைதியோட, குட்டி..." என்று தொடங்கினார்.

"நீங்க பேசாதீங்க! நீங்க வாய் திறந்தாத்தான் அதுக்கு வெளிச்சம் தெரியுமா?"

அப்போதுதான் முன்வரிசையில் தனபால் ஏதோ பிடிபட்டவனாக எழுந்தான். வாயில் அவனுக்கே நம்பிக்கை இல்லாத இரண்டு சொற்கள்.

"தங்கம்... தங்கம்?"

"நாப்பத்தி நாலு!" என்றாள் ஸ்வாதிகா, பழக்கத்தில்.

தாளை யாரும் முகரவில்லை, தீட்சையும் இல்லை, செப்புக் கம்பியும் இல்லை. பிறகு எவரோ "செல்லம் செல்லம்!" என்று கத்தினார். "முப்பத்தி மூணு!" இன்னொருவர் "ராஜா ராஜா!" "இருபத்திரெண்டு!" சிரிப்பு வெடித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் எண்ணூறு வெள்ளி ஏற்கெனவே கட்டியவர்கள் என்பதால் அந்தச் சிரிப்பு சீக்கிரமே வசவாக மாறியது. மாஸ்டர் பக்கவாட்டுக் கதவைப் பார்த்து நகர்ந்தார். அவர் வாழ்க்கையில் உண்மையாகவே பூட்டியிருந்த கதவு அது ஒன்றுதான். கூட்டம் அவரைச் சூழ்ந்துகொண்டது. யாரோ காவல்துறைக்குத் தொலைபேசினார்கள்.

மங்கை சிறுமியின் கண்கட்டை அவிழ்த்தாள்.

"நிஜமா உனக்குக் கணக்கு வருமாம்மா?"

"தெரியாது ஆன்ட்டி. யாரும் சொல்லிக் குடுக்கல. சித்தப்பா எந்தப் பேரு சொன்னா எந்த நம்பர்னுதான் சொல்லிக் குடுத்தாரு."

பத்து வயதுப் பிள்ளையின் மூளையைப் பூட்டியவன் ஒருவன் அந்த மண்டபத்தில் இருந்தான் என்றால் அது அவன்தான். மங்கைக்கு அவனை நாலு அறை அறையலாம் போலிருந்தது. தண்ணீர் வாங்கிக் கொடுத்து, அந்தப் பிள்ளையின் அம்மா வரும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

யாழிசை மேடைக்கு ஓடிவந்தாள்.

"அம்மா, அப்ப என் மூளையில கதவு பூட்டியிருக்குன்னு அவர் சொன்னது?"

"பொய்டி. கதவும் இல்ல, பூட்டும் இல்ல. எழுபத்திரெண்டுன்னு கத்தினியே, அது யாரு? உன் கையா, நீயா?"

யாழிசை அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தனபால் தள்ளி நின்று தரையைப் பார்த்தான். "தப்புதான் பாப்பா. அப்பாதான் யோசிக்கல" என்றான். பொறியாளர் முதல்முறையாக வீட்டு விஷயத்தில் யோசித்த நாள் அது.

வாசலில் கூட்டம் இன்னும் கலையவில்லை. கட்டிய பணத்துக்காக ஒரு பக்கம் கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவே டை கட்டிய ஒரு தகப்பனார், கையில் மகனைப் பிடித்தபடி, மங்கையிடம் மெதுவாக ஒதுங்கி வந்தார்.

"மேடம், நல்ல காரியம் பண்ணீங்க. இவன் ஃபிராடுன்னு எனக்கும் ஒரு டவுட் இருந்துச்சு. அது இருக்கட்டும்... வேற நல்ல மாஸ்டர் யாராவது உங்களுக்குத் தெரியுமா? படிக்காமலே விடை வர்ற மாதிரி?"

மங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இருக்காருங்க. உங்க கழுத்துக்கு மேலதான் குடியிருக்காரு. ஃபீஸ் கேக்க மாட்டாரு. ரொம்ப நாளா நீங்க கூப்பிடலையாம், இன்னிக்காவது ஒரு தடவை எழுப்பிப் பாருங்க!"