எண்பத்தெட்டாவது நிமிடத்தில் என் மகள் தூக்கிய கொடி

ராயப்பன்பட்டி,
வியாழக்கிழமை காலை.

குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்துவரும் மதிப்புக்குரிய சம்பந்தி ஜோஷ்வா அவர்களின் சமூகத்துக்கு, மின்வாரியத்தில் முப்பத்துநான்கு வருடம் லைன்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற பீட்டர்ராஜ் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் வீட்டுக்காரி மதலேனாளும் மாதா தயவில் சௌக்கியம். போன வாரம் பிறந்த கன்றுக்குட்டியும் சௌக்கியம். அங்கு தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை அருண் ஜோசப்பும் நலமாக இருக்கவும், தங்கள் ஏலக்காய் மழையில் நனையாமல் காயவும் தினமும் ஜெபமாலையில் சேர்த்து வேண்டி வருகிறோம். சம்பந்தி என்று எழுதியதற்குத் தாங்கள் ஆட்சேபிக்கலாம். ஆனாலும் அப்படித்தான் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பத்தொன்பது தடவை போன் அடித்தும் தாங்கள் எடுக்காதபடியால்தான், பேனா பிடித்து வெகு காலமான நான் இந்தக் கடிதத்துக்கு உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கோவாவில் நடந்த கால்பந்து லீக் இறுதி ஆட்டத்தில், தாங்கள் பச்சைத் துண்டு கட்டிக்கொண்டு வருடக்கணக்காய்ப் பார்த்துவரும் கேரள அணி ஒரு பக்கமும், வடக்கேயிருந்து வந்த சிவப்புச் சட்டைக்காரர்கள் மறுபக்கமும் ஆடினார்கள். எங்கள் மகள் மகிமா கோட்டோரம் கொடி பிடித்து ஓடும் துணை நடுவராக இருந்தாள். இது ராயப்பன்பட்டிக்கே பெருமை என்பதால், வீட்டு டிவியைக் கழற்றி வாசலில் மேசைமேல் வைத்து, தெருவையே கூப்பிட்டு உட்கார வைத்தேன். நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்கு ஆட்டம் தெரியாது. மகிமாவைப் பார்க்கத்தான் வந்தார்கள். படம் பிடிக்கிறவனோ பந்தைத்தான் காட்டுகிறானே தவிர கோட்டோரத்தைக் காட்டவில்லை. எப்போதாவது அவள் தோளோ குதிகாலோ ஓரமாய்த் தெரியும்போது மதலேனாள் எழுந்து நின்று, அந்தா அந்தா என்று கை காட்டுவாள், அவள் முதுகு மறைத்து மற்ற யாருக்கும் ஒன்றும் தெரியாது. எதிர்வீட்டு அம்மாள் வெகு நேரம் பார்த்துவிட்டு, பந்து காலுக்குக் கிட்டக்கவே வந்தும் உங்க பிள்ள ஒரு தடவகூட உதைக்கலையே, அம்புட்டு தூரம் கூட்டிட்டுப் போயி சும்மாவா ஓட விடுறாகன்னு கேட்டாக. அவுகளுக்கு விளக்கிச் சொல்றதுக்குள்ள முதல் பாதியே முடிஞ்சுபோச்சு.

ரெண்டாம் பாதியில ஆளுக்கு ஒரு கோல் ஆகி, எண்பத்தெட்டாவது நிமிஷத்துல உங்க பச்சைச் சட்டைக்காரவுக பந்தை மாத்தி மாத்தித் தட்டிக்கிட்டு கோலைப் பாத்து வந்துக்கிட்டு இருக்கையில, எங்க தெருவுல தென்னைமட்டை ஒண்ணு லைன்மேல விழுந்து கரண்ட் போயிருச்சு. நாற்பது பேரும் டிவியப் பாக்கலை, என்னியத்தான் திரும்பிப் பாத்தாக. நான் ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சுன்னு சொல்லிப் பாத்தேன், யாரும் காதுல வாங்கலை. சரின்னு சுருளியாண்டிக்குப் போனப் போட்டேன். புதுசா மாத்தலாகி வந்திருக்க லைன்மேன், நல்ல பையன். அவன் அப்ப மெயின் ரோட்டுல பலவேசம் டீக்கடையில இதே மேட்சைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கான். அங்கன வேற டிரான்ஸ்பார்மர், கரண்ட் இருந்திருக்கு. அண்ணே ரெண்டே நிமிஷம் பொறுங்க, முடியப்போகுதுன்னான். அவன் சொல்லச் சொல்லவே போனுக்குள்ள கோலுன்னு ஒரு கூப்பாடு கேட்டுச்சு. ஒடனே அடங்கிருச்சு. அதுக்கப்புறம் கேட்டதையெல்லாம் கடிதத்துல எழுத முடியாது. என்னப்பா ஆச்சுன்னு கேட்டேன். கோல் இல்லையாம்ண்ணே, எவளோ ஒருத்தி கொடியத் தூக்கிக் கெடுத்துட்டான்னான். அது எம்மகதான் தம்பின்னேன். டீ கிளாஸைக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு. பெறகு, அண்ணே இந்தா கெளம்பிட்டேன்னு சொன்னவன், அஞ்சாவது நிமிஷம் எங்க தெருக் கம்பத்துல இருந்தான். இம்புட்டு வெரசா நான்கூட என் சர்வீஸ்ல கரண்ட் கொடுத்ததில்லை.

அதுக்குப் பெறகு கூடுதல் நேரம் ஆடி, பெனால்டியில உங்க பக்கம் தோத்ததும், அஞ்சாவது நிமிஷம் நீங்க எனக்குப் போன் பண்ணி, பீட்டர் எந்தா இதுன்னு மலையாளத்துல ஒரே வார்த்தை கேட்டுட்டு வச்சதும், காலையில சம்பந்தியம்மா மதலேனாளுக்குப் பேசி, பிள்ளைக நிச்சயதார்த்தத்தக் கொஞ்ச நாள் தள்ளி வச்சுக்குவோம், அவுக மனசு சரியில்லைன்னு சொன்னதும் நடந்துச்சு. உங்க வருத்தம் எனக்குப் புரியுது. ஆனா நான் லைன்மேன். எம்மக தூக்குன கொடி சரியா தப்பான்னு தெரியாம நான் தள்ளியும் வைக்க மாட்டேன், தலையும் குனிய மாட்டேன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

உண்மையச் சொன்னா, அவ கொடி தூக்குனது ஆப்சைடுக்குன்னாக, அந்த ஆப்சைடுன்னா என்னன்னு அதுவரைக்கும் எனக்கே தெரியாது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூணு நாளும் செல்லுல பாத்துப் படிச்சேன். எதிராளியில கோல் காக்குற கோலி போக, கடைசியா நிக்கிறவனைத் தாண்டி நம்ம ஆளு முன்னாடியே போயி நிக்கக் கூடாது, அம்புட்டுத்தான். புதன்கிழமை காலையில பலவேசம் கடையில பன்னு, வர்க்கி, டீ கிளாஸ் எல்லாத்தையும் வரிசையா அடுக்கி விளக்கினேன். நடுவுல யாரோ கோலியைத் தின்னுட்டாக. திரும்பவும் முதல்லருந்து ஆரம்பிச்சேன். பெறகு எல்லாரையும் வீட்டுக்குக் கூட்டியாந்து, பழைய பென் டிரைவு ஒண்ணுல ஏத்தி வச்சிருந்த அந்தக் காட்சிய டிவியில ஓட விட்டு, பந்து கோல் போட்டவன் காலுக்கு வர்ற எடத்துல நிறுத்தி, கம்பம் நடுறப்ப நேர் பாக்குற நூலை எடுத்து டிவிமேல குறுக்க இழுத்து ஒட்டினேன். முப்பத்துநாலு வருஷமா கம்பம் ரெண்டு இஞ்ச் சாஞ்சா ரோட்டுலருந்தே சொன்னவன் நான். உங்க ஆளு முட்டி நூலுக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. பலவேசம் கண்ணாடிய மாட்டிக்கிட்டுப் பாத்துட்டு, அந்தப் பக்கந்தான்னு ஒத்துக்கிட்டாரு. பாத்தவுக பதினோரு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கியிருக்கேன். சுருளியாண்டி ரெண்டு எடத்துல போட்டிருக்கான். அந்தத் தாளை இத்துடன் இணைச்சிருக்கேன்.

இன்னொண்ணும் சொல்லணும். மகிமா இந்த வேலைக்குப் போறேன்னப்ப வேணாம்னு சொன்ன ஒரே ஆளு நான்தான். ரெண்டு பக்கத்துக்காரனும் திட்டுற வேலை ஒனக்கெதுக்கு ஆத்தான்னு கேட்டேன். "கரண்ட் போனப்ப ஊரே ஒங்களத் திட்டுச்சு. நீங்க கம்பத்துல ஏறாமலா இருந்தீங்க?" அப்படின்னு கேட்டா. மறுநாளே என் கடிகாரத்துக்குப் பேட்டரி மாத்துனேன். நடுவருக்கான ஓட்டத் தேர்வுல ரெண்டு தடவ தோத்தா. விடியக்காலம் வாய்க்கால் கரையில அவ ஓட, நான் பின்னாடியே வண்டியில கடிகாரத்தப் பாத்துக்கிட்டே போவேன். அப்படிப் பாத்துக்கிட்டே போயி ஒரு நாள் வண்டியோட வாய்க்காலுக்குள்ள எறங்கிட்டேன். அவ திரும்பிப் பாத்துட்டு, நேரத்த நிறுத்திராதீகப்பான்னு சொல்லிட்டு ஓடிக்கிட்டே இருந்தா. மூணாம் தடவ தேறுனா. அந்தப் பிள்ள யாருக்கும் பயந்து கொடியக் கீழ போடாது, யாருக்காகவும் தூக்கவும் தூக்காது.

ஆகவே இதனால் தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், நிச்சயதார்த்தம் தள்ளிப்போகாது. முன்பு பேசியபடி அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் இருபத்தேழு பேர் வேனில் புறப்பட்டுப் பத்தரைக்குத் தங்கள் வாசலுக்கு வந்துவிடுவோம். கதவு திறந்திருந்தால் உள்ளே வருவோம். மூடியிருந்தால் படியில் உட்காருவோம். சாப்பாட்டை நாங்களே கட்டிக்கொண்டு வருவோம், தங்களுக்கும் சேர்த்து. கொடி சரி என்று தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டியதில்லை.

தங்கள் குடும்பத்துக்கும் வியாபாரத்துக்கும் தேவமாதாவின் காவல் என்றும் நீங்காதிருக்க வேண்டுமென்று மன்றாடும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி,
பீட்டர்ராஜ்.

பின்குறிப்பு: இதை எழுதி முடித்து ஒட்டப் போகும்போது மகிமா கோவாவிலிருந்து வந்து சேர்ந்தாள். எழுத்துப் பிழை பாத்துக் குடு ஆத்தான்னு கடிதத்தக் கையில குடுத்தேன். பூராவும் படிச்சா. சிரிக்கவும் இல்லை, கோவிக்கவும் இல்லை. "பந்து அவன்கிட்ட வந்து சேந்த நேரத்துல நிறுத்திருக்கீகப்பா. அவனுக்குப் பந்தக் குடுத்தவன் உதைச்ச நேரத்துலல்ல பாக்கணும். உதைச்சப்ப அவன் உள்ளதான் இருந்தான்" அப்படின்னா. அப்ப நீ தூக்குனது, அப்படின்னு கேட்டேன். "தப்பு. ஒரு முழம் தப்பு. அன்னைக்கே பாத்துட்டு ரிப்போர்ட்லயும் எழுதிட்டேன்" என்றாள். மாப்பிள்ளைக்கும் அன்றைக்கே சொல்லிவிட்டாளாம். என் அப்பாவிடம் நீயே நேரில் சொல் என்று அவர் சொன்னாராம். எனவே மேலே கொடியைப் பற்றி எழுதிய இடங்களையெல்லாம் தயவுசெய்து அடித்துவிடவும். பதினோரு கையெழுத்துத் தாளைக் கிழித்துவிடவும். பலவேசத்திடம் நாளைக் காலை நானே போய்ச் சொல்ல வேண்டும், அதற்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டிருக்கிறேன். வேனைப் பற்றி எழுதியதை மட்டும் அடிக்க வேண்டாம். மகிமா பையைக்கூடப் பிரிக்கவில்லை, முகத்தைக் கழுவிக்கொண்டு கம்பம் பஸ் ஏறிவிட்டாள். அங்கிருந்து குமுளி பஸ். கூட வரவா என்று கேட்டதற்கு, தூக்கியது நான்தானே, நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள். இந்தக் கடிதம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவள் தங்கள் வீட்டுக்கு வந்து போயிருப்பாள். அவள் டீ குடித்தாளா என்று மட்டும் போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லவும். காலையில் வந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.