ஸ்பிரிங்வேலில் ஓடிய பனிவண்டி

ஓடாத மிஷின் ஒன்று எங்கேயோ கிடக்கிறது என்று காதில் விழுந்தால் போதும், எனக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். மருந்தில்லாத வியாதி இது. கோயம்புத்தூர்க்காரன் ரத்தத்தில் ஊறியது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் என் அண்ணன் தம்பிகளும் அதே ஊரில்தான் பிறந்தார்கள். மிஷின் நின்றுவிட்டால் அவர்கள் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள்.

எழுபதுகளின் நடுவில் மெல்பர்னுக்கு வந்தபோது என்னுடைய மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டத்தையும் பத்திரமாகக் கொண்டுவந்தேன். இங்கே அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தண்ணீர் பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றில், செய்து முடித்த பம்புகளை அட்டைப் பெட்டியில் வைத்து மூடும் வேலைதான் கிடைத்தது. (பம்புக்குப் பேர்போன ஊரிலிருந்து கிளம்பி, கடலெல்லாம் தாண்டி வந்து, பம்புக்குப் பெட்டி கட்டினேன்.) கல்யாணமாகி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்த என் மனைவி சரோஜா, ஊரில் யாராவது கேட்டால் "இவர் பம்புல இருக்காருங்க" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள்.

அந்தத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் கெவின். என் பெயர் வேலுச்சாமி. அவர் வாயில் அது வெறும் 'சாம்' ஆகிவிட்டது. ஒரு ஜூலை மாதம் (இங்கே அது குளிர்காலம்), தேநீர் இடைவேளையில் அவர் தன் பனிவண்டியைப் பற்றிப் புலம்பினார். மலைமேல் அவருக்கு ஒரு மரவீடு இருந்தது. அங்கே ஓட்டுவதற்காக ஆசையாக வாங்கிய வண்டி. முதல் சவாரியிலேயே மனைவியைப் பனியில் உருட்டிவிட்டதால் அது நேராக ஷெட்டுக்குப் போய்விட்டது. வருஷக்கணக்காக அங்கேயே கிடந்தது. இந்த வருஷம் பனி நன்றாக விழுந்திருக்கிறது, மனைவியும் மனம் இறங்கியிருக்கிறாள், ஆனால் வண்டி மூச்சே விடமாட்டேன் என்கிறது என்றார்.

நான் ஓட வைக்கிறேன் என்றேன். சொல்லிவிட்டுத்தான் பனிவண்டி என்றால் எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.

கெவின் தன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அது மட்டும் ஓடிவிட்டால், ஒர்க்‌ஷாப் தலைவரிடம் என்னைப் பற்றிப் பேசுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு அன்று நான் எத்தனை பெட்டியைத் தலைகீழாக மூடினேன் என்று எனக்கே தெரியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் வண்டியை டிரெய்லரில் கட்டி இழுத்து வந்து, மெல்பர்ன் புறநகரான ஸ்பிரிங்வேலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்பக்கப் புல்வெளியில் இறக்கிவிட்டுப் போனார். ஞாயிறு மாலை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் ராணுவ டாங்கிக்கு இருப்பது போல அகலமான ரப்பர் பட்டை, மேலே நீளமான ஸ்கூட்டர் சீட். மூடியைத் திறந்து பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே இருந்தது நம்ம ஊர் ஸ்கூட்டர் இன்ஜினின் பெரியண்ணன். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் அதே ஜாதி.

சனிக்கிழமை முழுவதும் எனக்குத் திருவிழா. காற்று போகும் பெட்டிக்குள் எலி ஒன்று குடும்பம் நடத்திவிட்டுப் போயிருந்தது. கூட்டை அள்ளிப் போட்டேன். டாங்கியில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறியது, கொட்டிக் கழுவினேன். கார்பரேட்டரைக் கழற்றிச் சமையலறை மேஜையில் பரப்பியபோது, சரோஜா இட்லிப் பாத்திரத்தை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். (என்னைப் பற்றி அவளுக்கு அதற்குள் கொஞ்சம் தெரிந்திருந்தது.) நடுவில் ஒரு தடவை கவனித்தபோது, என்னையறியாமல் பாடிக்கொண்டிருந்தேன்.

ஆக்சிலேட்டர் கேபிள் துருவேறி இறுகிப்போயிருந்தது. சொட்டுச் சொட்டாக எண்ணெய் விட்டு இழுத்தேன். அழகாக இழுபட்டது. இழுத்தது திரும்பி வருகிறதா என்று பார்க்கத் தோன்றவில்லை.

ஞாயிறு காலையில் பெரிய சிக்கல் வந்தது. ஸ்டார்ட் செய்யும் கயிற்றை எத்தனை தடவை இழுத்தாலும் பிளக்கில் பொறி வரவில்லை. தேடித் தேடி, சாவி ஸ்விட்ச்தான் குற்றவாளி என்று கண்டுபிடித்தேன். அது உள்ளே துருப்பிடித்து, சாவியை எந்தப் பக்கம் திருப்பினாலும் 'நிறுத்து' என்ற நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் வயரைப் பிடுங்கினேன். மறுபடி இழுத்தால், பிளக்கின் நுனியில் நீலமாக ஒரு பொறி. நான் கத்திய கத்தலில் சரோஜா துவைத்த துணிகளோடு ஓடிவந்தாள்.

"ஏனுங்க, இந்த வயரு எதுக்குங்க?" என்று கேட்டாள்.

"அது வண்டிய நிறுத்தறதுக்கு அம்மிணி. நமக்கு இப்ப அது தேவையில்ல."

அவள் போய், குடை மாதிரி சுற்றும் எங்கள் துணிக்கொடியில் தன் புடவைகளைக் காயப் போட்டாள்.

மதியம் சிவநேசன் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை, எங்களுக்கு இந்த ஊரில் கிடைத்த முதல் சிநேகிதர். ஞாயிறு சாப்பாட்டுக்கு வந்த மனிதரைச் சாப்பிடவிடாமல் வண்டியருகே இழுத்துப் போனேன். ரப்பர் பட்டை தரையில் படாமல் சுழலட்டும் என்று, வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பால் போத்தல் அடுக்கும் பெட்டிகள்மேல் வைத்தோம். பெட்டிகள் ஈரப்புல்லில் லேசாக ஆடின.

"ஐசே, இது ஆடுது. நான் ஏறி இருக்கட்டோ? பாரம் இருந்தால் அசையாது," என்றார் சிவநேசன்.

நல்ல யோசனை என்றேன். இரண்டு படித்த மனிதர்கள் சேர்ந்து எடுத்த முடிவு அது.

கயிற்றை இழுத்தேன். இருமியது. இன்னொரு இழுப்பு, தும்மியது. இன்னும் ஒரு தடவை உடம்பைச் சாய்த்து இழுத்தேன். வண்டி உறுமிக்கொண்டு உயிரோடு எழுந்தது. நீலப்புகை கிளம்பிப் புல்வெளியே மறைந்துவிட்டது. கல்யாணத்தன்று கூட நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. (இதைச் சரோஜா படிப்பாள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.) புகைக்குள் நின்று குதித்தேன். சிவநேசனும் உற்சாகத்தில் கைப்பிடியிலிருந்த ஆக்சிலேட்டரை ஒரு அழுத்து அழுத்தினார்.

அழுத்தியது திரும்பி வரவில்லை.

இன்ஜின் அலறியது. பட்டை சுழன்ற வேகத்தில் வண்டி நடுங்க, பால் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவின. வண்டி பொத்தென்று தரையில் இறங்கியது. பனி இல்லாவிட்டால் பனிவண்டி ஓடாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். ஒரு வாரம் மழையில் ஊறிய ஸ்பிரிங்வேல் புல்வெளி அதற்குத் தாராளமாகப் போதுமாயிருந்தது.

"நிப்பாட்டும் ஐசே, நிப்பாட்டும்!" என்று கத்திக்கொண்டே சிவநேசன் போனார். நான் பின்னால் ஓடினேன். வண்டி துணிக்கொடியின் கீழே புகுந்தது. அவர் தலைக்குமேல் வந்த புடவை ஒன்றை, தண்ணீரில் விழுந்தவன் கயிற்றைப் பிடிப்பது போலப் பிடித்தார். கொடி ஒரு சுற்றுச் சுற்றிப் புடவையை அவருக்கே தானம் செய்தது. பச்சைச் சுங்குடிப் புடவை காற்றில் பறக்க, மரவேலியை உடைத்துக்கொண்டு அவர் பக்கத்து வீட்டுக்குள் போனார்.

பக்கத்து வீட்டில் மரியா என்ற இத்தாலியப் பாட்டியம்மா இருந்தார். அவருடைய காலிஃபிளவர் பாத்தியைப் பாதி உழுத பிறகு, புடவையின் மறுமுனை பட்டைக்குள் சிக்கிச் சுருண்டு, இன்ஜின் திணறி, வண்டி நின்றது. நான் வேலி ஓட்டை வழியாகப் போய்ச் சேர்ந்தபோது சிவநேசன் இன்னும் சீட்டில்தான் இருந்தார். கைப்பிடியை விடவில்லை. தோளில் பாதிப் புடவை.

மரியா வாசற்படியிலிருந்து இறங்கி வந்தார். உடைந்த வேலியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு தன் உடைந்த ஆங்கிலத்தில், பனி எங்கே என்று சிவநேசனிடம் மிகவும் அக்கறையாக விசாரித்தார்.

அப்போதுதான் எனக்குப் பின்னால் ஒரு கனைப்புக் கேட்டது. மாலையில் வருவதாகச் சொன்ன கெவின் முன்கூட்டியே வந்து நின்றார். கூடவே அவர் மனைவி.

என் பம்புப் பெட்டி வாழ்க்கை முழுவதும் கண்முன் ஓடியது. மூடவேண்டிய பெட்டிகள் வரிசையாக, முடிவே இல்லாமல். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் கெவினின் மனைவி சிரிக்கத் தொடங்கிவிட்டார். சிரித்துச் சிரித்து வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே விட்டார். கெவின் சிரிக்கவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, எத்தனையாவது இழுப்பில் ஸ்டார்ட் ஆனது என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை கெவினும் நானும் சிவநேசனும் சேர்ந்து வேலியை நட்டுக்கொடுத்தோம். மரியா எங்களுக்குக் காலிஃபிளவர் சமைத்துப் போட்டார். எப்படியும் பறித்தாகிவிட்டதே என்றார். ஒர்க்‌ஷாப் தலைவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கதை எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அவர் என்னைப் பரிசோதனைப் பிரிவில் போட்டார். வெளியே போகும் ஒவ்வொரு பம்பும் சொன்னபோது நிற்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பிறகு படிப்படியாக அந்தப் பிரிவுக்கே தலைவனானேன்.

வீட்டில் வேறு விதமான விளைவு. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, நான் ஸ்பானரையோ திருப்புளியையோ கையில் எடுத்தால் போதும், சரோஜா எழுந்து போய்க் கொடியில் கிடக்கும் துணியையெல்லாம் உள்ளே கொண்டுவந்துவிடுவாள். குழாய் ரிப்பேர், கடிகாரத்துக்கு பேட்டரி, எதுவானாலும் சரி.

எங்கள் மகள் கல்யாணமாகி சிட்னியில், நார்த்மீட்டில் இருக்கிறாள். குடிபோன புதிதில் ஒரு நாள், சுவரில் படம் மாட்டுவதற்காக மாப்பிள்ளை துளைபோடும் கருவியை எடுத்திருக்கிறார். இவள் உடனே வெளியே ஓடி ஈரத்துணியையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். எதற்கு என்று அவர் கேட்டிருக்கிறார். ரிப்பேர் வேலை தொடங்குமுன் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள் என்று அதுவரை நினைத்திருக்கிறாள். உடனே அம்மாவுக்குப் போன் செய்து காரணம் கேட்டாள்.

சரோஜா பேப்பர் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

"இரு கண்ணு, உங்கப்பா சொல்லுவாரு," என்று போனை என் கையில் கொடுத்துவிட்டு, நன்றாகக் கேட்கட்டும் என்று பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.