கெங்கம்மா மாடியின் நீல வானம்

வெளியே மழை பிய்த்து உதறிக்கொண்டிருந்தது. சங்கமித்ராவின் கணினித் திரையிலோ பளிச்சென்று நீல வானம். பேருக்குக்கூட ஒரு மேகம் இல்லை.

போன் அடித்தது. பேராசிரியர் குணசேகரன்.

"திருவொற்றியூர் மேல கறுப்பு மேகம்னு செயற்கைக்கோள் சொல்லுது. உன் கேமரா நீலம்ங்குது. எத நம்பச் சொல்ற?"

"லென்ஸ்ல கோளாறு சார்."

"வெள்ளிக்கிழமை நேர்ல வர்றேன். ஒரு மேகமாவது காட்டு. இல்லன்னா ப்ராஜெக்ட்டும் இல்ல, உனக்கு வேலையும் இல்ல."

மேகத்தைப் பற்றிச் செயற்கைக்கோள் சொல்வது சரிதானா என்று, கீழேயிருந்து வானத்தைப் படமெடுத்துச் சரிபார்ப்பது அவள் வேலை. அதற்காகத் திருவொற்றியூர்க் கடலோரத்தில் கெங்கம்மாவின் மொட்டைமாடியில், காயும் கருவாட்டுக்கு நடுவே கேமராவை நட்டுவைத்திருந்தாள். வெயிலில் ஒழுங்காக வேலை செய்யும் அந்தச் சனியன், மேகம் வந்தால் மட்டும் நீலம் காட்டியது.

லென்ஸை மாற்றினாள்.

"அக்கா, புது லென்ஸு. கொஞ்சம் பாத்துக்கோங்க."

"என் கருவாட்ட வுட பத்திரமா பாத்துக்கறேன், நீ போ கண்ணு."

பலன்? மழைக்கு அரைமணி முன்னதாகவே திரை நீலமாகிவிட்டது.

தலையிலடித்துக்கொண்டு, வேறு துறையில் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு கேமரா வாங்கிவந்து மாட்டினாள்.

"அக்கா, இதுக்கு எதுனா ஆச்சு, என் வேல பூடும்!" என்று கும்பிட்டாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஐய, அழுவாத. நான் கீறேன்ல?"

அதன்பிறகு எண்ணூர்ப் பக்கம் துளியூண்டு மேகம் எட்டிப்பார்த்தாலே போதும், திரை நீலம். சங்கமித்ராவுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியரோடு தெருமுனை திரும்பும்போது வானம் கருகருவென்று திரண்டது.

"இன்னிக்கு மேகம் மாட்டிடும் சார்!" என்று செல்போனில் கேமராப் படத்தைப் பார்த்தாள். பாழாய்ப்போன நீலம்.

ஆத்திரத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடினாள். பின்னாலேயே பேராசிரியரும் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

கருவாடெல்லாம் தூறலில் நனைந்துகொண்டிருந்தது. அதை மூடவேண்டிய நீலத் தார்ப்பாயைக் கெங்கம்மா கேமராவைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா... இன்னா பண்றீங்க?"

கெங்கம்மா முடிச்சைப் பல்லால் இழுத்து இறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

"பயந்துட்டியா கண்ணு? கருவாடு போனா போவுது. பொட்டி வந்த நாள்லேர்ந்து ஒரு மேகத்தோட நெழலு கூட அது மேல பட வுட்டதில்ல நானு!"