நட்பு நாட்டின் மீது ஒரு கண்

உளவு பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. எதிரியை உளவு பார்ப்பவர் முதல் வகை. அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பிழைப்புக்குச் செய்கிறார். இரண்டாம் வகைதான் நம்முடைய பிரமுகர். எதிரி இருக்கும் திசைக்கே இவர் திரும்ப மாட்டார். யாருடைய தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொள்கிறாரோ, யார் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை பாயசம் கேட்கிறாரோ, யாரை மைக்கைப் பிடித்து ‘என் உடன்பிறவாத் தம்பி’ என்கிறாரோ, அந்த ஆளைத்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய நாடுகளில் இந்த வேலைக்கென்றே கட்டடங்களும் செயற்கைக்கோள்களும் இருக்கின்றன. ஈப்போ நகரை ஒட்டிய புந்தோங்கில் சதாசிவம் இருந்தார்.

பள்ளி வேன் ஓட்டுபவர். புந்தோங் முன்னாள் தோட்ட மக்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு ஷாஃபியின் கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீரோடு உட்காருவது வழக்கம். ஒருநாள் அங்கே தொலைக்காட்சியில் செய்தி ஓடியது: யாரோ ஒரு பெரிய அரசாங்கம் தன் நட்பு நாட்டுத் தலைவரின் கைப்பேசியைப் பல காலமாக ஒட்டுக்கேட்டதாம். கடையில் இருந்தவர்கள் கூட்டாளிக்கே இப்படிச் செய்வார்களா என்று உச்சுக்கொட்டினார்கள். சதாசிவம் மட்டும், ஒரு நல்ல தச்சர் இன்னொரு தச்சர் செய்த கதவைத் தடவிப் பார்ப்பதுபோல, அந்தச் செய்தியை ரசித்தார்.

“எதிரி என்ன செய்வான்னு எல்லாருக்கும் தெரியும்லா,” என்றார் ஷாஃபியிடம். “கூட்டாளி என்ன செய்வான்னு யாருக்குத் தெரியும்?”

அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. இப்படிப்பட்ட சங்கங்கள் எல்லாம் சேர்ந்த மாநிலச் சம்மேளனத்தின் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. புந்தோங் சங்கமும் செமோர் சங்கமும் கூட்டணி. சதாசிவம் தலைவர், செமோரில் டயர் கடை வைத்திருக்கும் ஜெயபாலன் துணைத் தலைவர் என்று பேச்சு. இருவரும் சுங்காய்ப் பக்கத்தில் ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்து, ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போனவர்கள். இதைவிட ஆபத்தான உறவு வேறு உண்டா?

எதிர்த்து நின்றவர் சுங்காயைச் சேர்ந்த தினேஸ்வரி என்ற ஓய்வுபெற்ற தாதி. இந்த அம்மாளைச் சதாசிவம் கண்டுகொள்ளவே இல்லை. எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார், என்ன வாக்குக் கொடுக்கிறார் என்று எல்லாவற்றையும் அவரே முகநூலில் படத்தோடு போட்டுக்கொண்டிருந்தார். சதாசிவத்துக்கே போன் போட்டு, உங்கள் ஓட்டும் எனக்கு வேண்டும் என்று கேட்டார். இரகசியமே இல்லாத மனுஷியை எப்படி உளவு பார்ப்பது? உற்சாகம் வர வேண்டாமா?

ஜெயபாலன் விஷயம் அப்படியில்லை. பிள்ளைகளை இறக்கிவிட்டதும் காலி வேன் செமோருக்குப் பறந்தது. இந்தப் பக்கமாக ஒரு வேலை என்று சொல்லிக்கொண்டு டயருக்குக் காற்றுப் பிடிப்பார். பிடித்துக்கொண்டே யார் வந்தார்கள், யார் போனார்கள், மேசைமேல் எத்தனை தேநீர்க் குவளை என்று பார்ப்பார். அந்த மாதம் பேராக் மாநிலத்திலேயே அந்த வேனைப்போல் காற்று நிறைந்த சக்கரங்கள் வேறு எதற்கும் இருந்திருக்காது. போகாத நாளில் தகவல் தர, டயர் கடைக்கு எதிரே அழகு நிலையம் வைத்திருந்த மைத்துனி புஷ்பலதா இருந்தாள். செமோருக்கும் காலைப் பலகாரம் அனுப்பும் ஷாஃபி இருந்தார்.

வீட்டில் மனைவி மங்களத்துக்குத்தான் இது பொறுக்கவில்லை. “நான் எங்க போறேன், எப்ப வாரேன்னு ஒருநாள் கேட்டதில்ல,” என்றாள். “அந்தண்ணன் கடையில எத்தன டீக்கப்புன்னு மட்டும் உங்களுக்குத் தெரியணும்.”

பிறகு அந்தத் தகவல் வந்தது. சனிக்கிழமைகளில் ஜெயபாலன் கடையைச் சாத்திவிட்டுத் தெற்கே போகிறார் என்றாள் புஷ்பலதா. அவர் காரைச் சுங்காயில் பார்த்ததாக ஓர் ஆள் சொன்னார் என்றார் ஷாஃபி. சுங்காயா? தினேஸ்வரியின் ஊரா? சதாசிவத்துக்கு நெஞ்சு திக்கென்றது. கூடவே, சொல்லப்போனால், கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை நாள் பிடித்த காற்று வீண்போகவில்லை.

ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. ஆனால் கேட்டுத் தெரிந்துகொண்ட உண்மையில் என்ன ருசி? அவர் தன் சங்கத்து உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பார்த்து, துணைத் தலைவருக்கு ஜெயபாலனைத் தவிர யாருக்கு வேண்டுமானாலும் போடுங்கள், வெளியே மூச்சு விடாதீர்கள் என்று சொல்லிவைத்தார்.

தேர்தல் அன்று ஈப்போ மண்டப வாசலில் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். படம் எடுத்துக்கொண்டார்கள். மதியத்துக்குள் முடிவு வந்தது. தலைவர், தினேஸ்வரி. துணைத் தலைவர், ஒப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டுச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்த ஒருவர். செமோரிலிருந்து சதாசிவத்துக்கு ஓட்டே வரவில்லை. புந்தோங்குக்கு வெளியே அவருக்கு விழுந்தவை எல்லாம், விந்தையாக, சுங்காய் ஓட்டுகள்.

பின்பக்கம், ஷாஃபி சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த இடத்தில், ஜெயபாலனை மடக்கினார்.

“சுங்காய்க்கு எதுக்குடா போனே?”

ஜெயபாலன் மீகூன் சேமியாத் தட்டைக் கீழே வைத்தார். “உனக்கு ஓட்டுக் கேக்க. எங்க அத்தை வீட்டு ஆளுங்க எல்லாம் அங்கதானே. வீடு வீடா ஏறினேன்.”

சதாசிவத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அந்தச் சுங்காய் ஓட்டுகள். “அப்ப செமோர் ஓட்டு?”

“நீதான் மாசம் பூரா வேன எடுத்துக்கிட்டு என் கடையச் சுத்திச் சுத்தி வந்தியே மச்சான். என் ஆளுங்கள நீ உடைக்கப் பாக்குறியோன்னு நெனச்சு, உனக்குப் போடாதீங்கன்னு சொல்லிட்டேன்.” ஜெயபாலன் தலையைக் குனிந்துகொண்டார். “உங்க சங்கத்துல நீ ரகசியமா ஆளுங்களப் பாக்குறதாவும் தகவல் வந்துச்சு.”

“யாரு சொன்னா?”

இருவரும் ஒரே நேரத்தில் ஷாஃபியைப் பார்த்தார்கள். அவர் கரண்டியை விடாமல் பதில் சொன்னார். “ரெண்டு அண்ணனும் கேட்டீங்க, ரெண்டு பேருக்கும் சொன்னேன்லா. பொய் ஒண்ணும் சொல்லலையே.”

சொல்லவில்லைதான். யார்மேல் கோபப்படுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. முதலில் சிரித்தது ஜெயபாலன். அப்புறம் சதாசிவமும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. அதில் எவ்வளவு சிரிப்புத் தண்ணீர் என்று நாம் கேட்க வேண்டாம். புதுத் தலைவி வந்து, விளையாட்டுப் போட்டிப் பொறுப்பை நீங்கள் இருவரும் சேர்ந்து எடுங்கள் என்றார். எடுத்துக்கொண்டார்கள். இனி எதுவானாலும் நேராகக் கேட்பது என்று கைகொடுத்தும் முடிந்தது.

சதாசிவம் மனதாரத்தான் கைகொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மங்களத்தின் முன்னாலேயே புஷ்பலதாவைக் கூப்பிட்டு, இனிமேல் எதிர்க்கடையைப் பார்க்க வேண்டாம், அதெல்லாம் முடிந்தது என்றார். போனை வைப்பதற்கு முன் ஒன்றே ஒன்று மட்டும் கேட்டார்: “ஆமா, கூட்டாளி ஊருக்கு வந்து சேர்ந்துட்டானா?”

அக்கறையில் கேட்டதாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்களுக்கும் ஒரு நெருங்கிய நண்பர் இருப்பார். நேற்று நீங்கள் அனுப்பிய செய்திக்கு அவர் இன்னும் பதில் போடவில்லை, இல்லையா? வேலையாக இருப்பார், விடுங்கள். என்ன, வேலையெல்லாம் இல்லை, சற்று முன்புகூட ஆன்லைனில்தான் இருந்தார் என்கிறீர்களா?

அது உங்களுக்கு எப்படித் தெரியும்?