சகுனம் பார்த்துப் பனிமலை ஏறிய கதை

ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிற ஒருவன் வழி தவறினான் என்றால் அது ஒரு செய்தி. தன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற மலையிலேயே வழி தவறினான் என்றால் அது பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் கிடக்கிற மானக்கேடு. அந்த மானக்கேட்டைச் சம்பாதித்தவன் நான்தான். இதை நானே எழுதிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கல்யாண வீடுகளில் மற்றவர்கள் சொல்கிற விதத்தில், நான் ஹெலிகொப்டரில் தொங்கிக்கொண்டு வந்ததாகவும் சின்னப்பிள்ளை மாதிரி அழுததாகவும் கதை போகிறது. (ஹெலிகொப்டர் வரவில்லை. மற்றது உண்மை.)

ஊரிலே சண்டை ஓய்ந்து ஆட்கள் அங்கேயும் இங்கேயும் வந்து போன அந்த இரண்டாயிரத்துச் சொச்சக் காலம். என் மனைவி சுகந்தியின் ஒரே தம்பி ரமணன் கொழும்பிலிருந்து எங்களிடம் வந்திருந்தான். சித்திரையில் அவனுக்குக் கல்யாணம். பெண் வெள்ளவத்தையில், பெயர் கௌசி. அதற்கு முன்னர் அக்காவையும் பனியையும் ஒருதரம் பார்த்துவிட்டுப் போக வந்த பிள்ளை. மாமி தொலைபேசியில் என்னிடம் ஒரே ஒரு வசனம்தான் சொன்னா.

“தம்பி, அவனை உங்களை நம்பித்தான் விட்டிருக்கிறன்.”

“நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ மாமி” என்றேன். (அவ யோசித்திருக்க வேண்டும்.)

அந்தக் காலத்து என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஸ்ஸிலே கதவு பூட்டினால் பூட்டினதுதான். பனியிலே சறுக்கிச் சறுக்கி ஓடி வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே எடுத்துவிடுவேன். ‘நானும் என்ரை பஸ்ஸும் பின்னுக்குப் போறேல்லை’ என்று விருந்துகளில் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன். அந்த வசனத்தை இப்போது எழுதவே கை கூசுகிறது.

நாங்கள் இருந்தது ஒஸ்லோவின் ஓரத்தில், குரோருட்டில். வீட்டுக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடும். பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வேக்காரர் சறுக்குக் கட்டைகளோடு குடும்பம் குடும்பமாக உள்ளே போய்விடுவார்கள். எங்கள் ஆட்கள் அந்தக் காட்டுக்குப் போவது கோடையில், அதுவும் நெருப்பு மூட்டிக் கோழி சுடுவதற்கு. ஆனால் ரமணனுக்கு முன்னால் நான் பெரிய பனிமலைக்காரன். வந்த நாளிலிருந்து அளந்துகொண்டிருந்தேன். அளந்ததை ஒருநாள் காட்டத்தானே வேண்டும்?

அந்த ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டு பேரும் வெளிக்கிட்டோம். வாசலில் சப்பாத்துப் போடும்போது குசினிக்குள்ளிருந்து சுகந்தி கேட்டா:

“இஞ்சருங்கோ, எங்கை போறியள்?”

வெளிக்கிடுகிறவனைப் பார்த்து ‘எங்கே’ என்று கேட்கக் கூடாது என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். போகிற காரியம் சரிவராது. கேட்கத்தான் வேண்டும் என்றால் ‘தூரவோ?’ என்று பட்டும் படாமலும் கேட்பதுதான் முறை. ஆனால் சுகந்திக்கு வேலை சின்னப்பிள்ளைகளின் பள்ளியில். அங்கே பிள்ளைகளைக் காட்டுக்குக் கூட்டிப் போவதென்றால் எங்கே, எந்த வழி, எப்போது திரும்புவது என்று பள்ளியிலேயே நிற்பவருக்குச் சொல்லாமல் ஒரு அடி வைக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டா.

“வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேக்கிறியே? உனக்கென்ன விசரே?” என்று பாய்ந்தேன். அதோடு விட்டேனா? சப்பாத்தைக் கழற்றி, திரும்பி உள்ளே வந்து, கதிரையில் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, சகுனத்தைக் கழித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட்டேன். ரமணனையும் குடிக்க வைத்தேன்.

“இனி நான் ஒண்டும் கேக்கேல்லை. எங்கையெண்டாலும் போய்த் துலையுங்கோ” என்றா சுகந்தி.

உடுப்பைச் சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு பேருக்கும் ஜீன்ஸ். ரமணனுக்கு என் பழைய சப்பாத்து. அது அவனுக்குப் பெரிதென்று முன்னால் கடதாசி அடைத்துக் கொடுத்தேன். பையில் சூட்டுப்போத்தலில் தேத்தண்ணி, ஒரு பெட்டி ரோல்ஸ், வீடியோக் கமெரா. வரைபடம் இல்லை. டோர்ச் இல்லை. வீட்டுக்குப் பின்னால் போவதற்கு டோர்ச் எதற்கு?

மலை என்றாலும் நோர்வேக்காரருக்கு அது ஒரு சின்ன மேடு. உச்சியில் சிவப்பு விளக்குப் போட்ட ஒரு தொலைத்தொடர்புக் கோபுரம் நிற்கும். உறைந்து கிடந்த ஏரியைச் சுற்றி, மரங்களுக்குள்ளால் ஏறத் தொடங்கினோம். ரமணன் பனியை அள்ளி அள்ளிப் பார்த்தான். ஒருதரம் வாயிலும் போட்டான். எனக்குச் சந்தோஷம்தான்.

பாதி வழியில் மேலேயிருந்து ஒரு வயதான அம்மா சறுக்கிக்கொண்டு வந்தா. எங்களைக் கண்டு நின்றா. முதலில் எங்கள் ஜீன்ஸைப் பார்த்தா. பிறகு மேற்கே வானத்தைக் காட்டி நோர்வே மொழியில் சொன்னா: “காற்று வருகிறது, பனி கொட்டப் போகிறது. நான் நீங்களாக இருந்தால் இப்போதே திரும்பியிருப்பேன். மலையிலே திரும்புவது வெட்கமில்லை, தெரியுமா?”

இந்த நாட்டில் பச்சைப்பிள்ளைக்கும் தெரிந்த வாசகம் அது. நான் சிரித்துத் தலையாட்டி நன்றி சொன்னேன். அவ போனதும் ரமணன் கேட்டான்:

“என்னவாம் அத்தான்?”

“காலநிலை நல்லா இருக்காம். மேலை நல்ல வடிவாம், பாத்திட்டு வரட்டாம்.”

இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இந்த வசனத்தை நினைத்தால் எனக்கு உள்ளங்கால் கூசும். மொழி தெரியாத பிள்ளை. அவனுக்கு அந்த மலையில் இருந்த ஒரே காது நான். அந்தக் காதுக்குள் பஞ்சை அடைத்தேன். சகுனத்துக்குத் திரும்பியவன், கண்ணுக்கு முன்னால் கறுத்து வந்த வானத்துக்குத் திரும்பவில்லை.

உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். வீடியோ எடுத்தோம். ரோல்ஸ் கல்லாகியிருந்தது, கடித்தோம். பிறகு என் கைத்தொலைபேசியில் கௌசிக்கு எடுத்துக் கொடுத்தேன். பனிமலை உச்சியிலிருந்து எந்த மாப்பிள்ளை பெண்ணோடு கதைத்திருக்கிறான்? ரமணன் கதைத்தான், கதைத்தான், கதைத்துக்கொண்டே நின்றான்.

“எங்கை நிக்கிறியள்?” என்று அவள் கேட்டிருக்க வேண்டும். “ஒரு மலை உச்சியிலை. சிவப்பு லைட் போட்ட கோபுரத்துக்குக் கீழை. ஏறேக்கை ஒரு ஏரியைச் சுத்தி வந்தனாங்கள், கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கு. காத்துத்தான் கொஞ்சம் கூட... ஹலோ? ஹலோ?”

குளிரில் பற்றரி செத்துவிட்டது. நான் அதற்கும் சிரித்தேன்.

சிரித்து முடிய முன்னமே பனி கொட்டத் தொடங்கியது. வந்த காலடி ஒன்றும் இல்லை. வெள்ளைக்குள் வெள்ளை. ‘எனக்கு வழி தெரியும்’ என்று முன்னால் நடந்தேன். நடந்தது மலையின் மற்றப் பக்கமாக. பனிக்காலத்து வெளிச்சம் உங்களுக்காகக் காத்து நிற்காது, பின்னேரம் என்று நினைக்க முதலே இருட்டிவிட்டது. பனிக்கு அடியில் இரண்டு கல்லுக்கு நடுவில் ரமணனின் கால் போனது. அந்தப் பெரிய சப்பாத்து அங்கேயே நின்றது. கால் மட்டும் திருகிக்கொண்டு வெளியே வந்தது.

சப்பாத்தைக் கிண்டி எடுத்துப் பனியைத் தட்டி மாட்டினேன். அவனால் நிற்க முடியவில்லை. ஒரு பாறையோடு சாய்த்து இருத்தினேன். காற்று ஒருதரம் விலக, நேரே கீழே, பக்கத்து அம்மருட் பகுதியின் மாடிவீடுகளின் வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தது. யாரோ சோறு வடிக்கிற குசினி ஜன்னல்கூடத் தெரிகிற மாதிரி இருந்தது. எங்களுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடுவில் இருந்தது செங்குத்துப் பாறை.

கத்தினேன். முதலில் நோர்வே மொழியில் மரியாதையாக. பிறகு தமிழில். கடைசியில் “அம்மா” என்று மட்டும்.

“நான் போய் ஆரையும் கூட்டிக்கொண்டு வாறன்” என்றேன்.

“என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ அத்தான்.”

நின்றேன். அதுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே சரியான வேலை என்று பிறகு எல்லாரும் பாராட்டினார்கள். உண்மை என்னவென்றால் தனியே போகப் பயமாக இருந்தது. அவனை அணைத்துக்கொண்டு இருந்தேன். முதலில் அவனுக்குப் பல்லு அடித்தது. பிறகு அடிப்பது நின்றுவிட்டது. அதுதான் என்னைக் கலக்கியது. கதை கொடுத்தால் நித்திரை கொள்ள மாட்டான் என்று கௌசியைப் பற்றிக் கேட்டேன். அவன் வேறொன்று கேட்டான்.

“அத்தான், அந்த மனிசி உண்மையிலை என்ன சொன்னவ?”

சொன்னேன். ஒரு சொல்லும் விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவன் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். “அப்ப கௌசிக்கு ஆர் சொல்லுறது?” என்று மட்டும் கேட்டான். மாமியின் குரல் காதுக்குள் கேட்டது. இந்தப் பிள்ளை இங்கே போனால் நான் எந்த முகத்தோடு மாமியின் கதவைத் தட்டுவேன்? எனக்குத் தெரிந்த தெய்வம் எல்லாவற்றையும் கூப்பிட்டேன். தெரியாத தெய்வங்களையும் விடவில்லை.

கொழும்பில் கௌசி சும்மா இருக்கவில்லை. கதை பாதியில் அறுந்ததும் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு எடுத்திருக்கிறாள். “அக்கா, அவையள் வந்திட்டினமோ?” சுகந்திக்கு நாங்கள் மலைக்குப் போனதே அப்போதுதான் தெரியும். உடனே பொலிசுக்குத் தொலைபேசி அடித்தா. வந்த பொலிஸ்காரரின் முதல் கேள்வியே “உங்கள் கணவர் எங்கே போனார்?” என்பதுதான். சுகந்தி சொன்ன பதில் இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் பிரசித்தம்: “எங்கள் வழக்கத்தில் அதைக் கேட்கக் கூடாது.”

பிறகு கௌசி சொன்ன கோபுரத்தையும் ஏரியையும் சொல்லியிருக்கிறா. வாழ்க்கையில் பனியையே கண்டிராத ஒரு பெண், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, ஒஸ்லோவில் எங்களைத் தேட இடம் காட்டினாள்.

வந்தது தொண்டர் மீட்புக் குழு. முதலில் நாய் வந்தது, பிறகு நெற்றி விளக்குகள். ரமணனை ஒரு பெரிய பைக்குள் போட்டுச் சுற்றி, பனி ஸ்கூட்டரின் பின்னால் கட்டினார்கள். ஒரு பெண் என் கையில் சூடான பழரசத்தைத் தந்துவிட்டு விளக்கை என் முகத்துக்கு அடித்துப் பார்த்தா.

“உன்னை எனக்குத் தெரியும். நீ எங்கள் பஸ்ஸை ஓட்டுகிறவன்.”

எத்தனை தரம் இவவின் முகத்துக்கு முன்னால் கதவைப் பூட்டியிருப்பேன் என்று யோசித்தேன். கேட்கத் துணிவில்லை. அவ ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை மேசையில் அப்படியே வைத்துவிட்டு வந்தவ என்று குழுவில் இன்னொருவர் சொன்னார். “மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றேன். “கண்டுபிடித்துவிட்டோம், அதுதான் முக்கியம்” என்றா. திட்டவே இல்லை. ஒரு அறை விட்டிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

காட்டு வாசல் கார்த் தரிப்பிடத்தில்தான் மிச்ச மானமும் போனது. குரோருட், வெஸ்ட்லி என்று சுற்றுவட்டாரத் தமிழர் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். ஒருவர் பெரிய பாத்திரத்தில் தேத்தண்ணி கொண்டு வந்து மீட்புக் குழுவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார். கனடாவிலிருந்து என் சித்தப்பா ஏற்கெனவே துக்கம் விசாரித்து முடித்துவிட்டாராம். சுகந்தி ஆட்களை விலக்கிக்கொண்டு வந்தா. தம்பியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. இரண்டு பேருடைய கால்களையும் பார்த்தா.

ரமணன் பிழைத்தான். கணுக்கால் சுகமானது. ஆனால் பெருவிரல் கறுத்து நகம் கழன்றுவிட்டது. சித்திரையில் கொழும்பில் கல்யாணம். மண்டப வாசலில் தோழனாக நின்ற பையன் முறைப்படி மாப்பிள்ளையின் காலைக் கழுவினபோது வீடியோக்காரர் நேரே அந்த விரலுக்குக் கிட்டப் போனார். போனவர் திரும்பி வரவே இல்லை. கௌசி வீட்டார் எல்லாரும் விரலைப் பார்த்தார்கள், பிறகு கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். அந்த வீடியோ எங்கள் வீட்டில் இன்றைக்கும் ஓடும். விரல் வருகிற இடத்தில் பிள்ளைகள் நிற்பாட்டி, “அப்பா, காலநிலை எப்பிடியாம்?” என்று கேட்பார்கள்.

நான் இப்போது பஸ் கதவைத் திறந்து திறந்து பூட்டுவதால் நேரம் பிந்துகிறது என்று முறைப்பாடு வருகிறது. வரட்டும்.

வீட்டிலே சட்டம் ஒன்றுதான். நான் சப்பாத்தில் கை வைத்தால் குசினிக்குள்ளிருந்து சுகந்தியின் குரல் வரும்: “தூரவோ?” உடனே நான் நிமிர்ந்து நின்று ஒப்புவிக்க வேண்டும். “குப்பை போடப் போறன். லிஃப்டிலை இறங்கி, பின் கதவாலை போய், அதே வழியாலை இப்ப வந்திடுவன்.” பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கௌசி தொலைபேசியில் இருந்தால் அவளும் சிரிப்பாள்.

சுகந்தி மட்டும் சிரிப்பதில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, என் சப்பாத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவா.